சபையின் பெயரா, அடிபட்டவரா? – வாசகர் கேள்விகளுக்கு ஆயர் பதில்

கேள்வி: ஐயா, என் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிக்கிறார். போன மாதம் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறாள். எங்கள் ஆயர் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஜெபம் செய்து அனுப்பிவிட்டார். பொறுமையாக இரு, விவாகரத்து வேதத்துக்கு விரோதம் என்கிறார். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், அயனாவரம்

பதில்: அம்மா, முதலில் மகளை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். எலும்பு முறியுமளவு அடி விழுகிற வீட்டில் ஒரு பெண்ணை இருக்கச் சொல்ல எந்த ஆயருக்கும் அதிகாரம் கிடையாது, நானும் ஆயர்தான், தெரிந்தே சொல்கிறேன்.

அந்த ஜெபம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆலய அலுவலகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் தலையைக் குனிந்துகொண்டு "இனிமே குடிக்க மாட்டேன் ஐயா" என்பார். இவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாயே திறக்க மாட்டாள், திறந்தால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று அவளுக்குத்தானே தெரியும். ஆமென் சொன்னதும் அதே வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவள் திரும்பிப் போக வேண்டும். அடித்தவரை எதிரில் வைத்துக்கொண்டு அடிபட்டவளிடம் "சொல்லும்மா" என்று கேட்டால் அவள் எப்படிச் சொல்வாள்? தனியாகத்தான் பேச வேண்டும், கூட ஒரு பெண் இருக்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் 1976-லிருந்து பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். பக்கத்துக் குருசேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதி) பெண் ஆயர் இருந்தால் தயங்காமல் அவரிடம் போங்கள்.

வேதத்துக்கு விரோதம் என்பவர்கள் பெரும்பாலும் மல்கியா 2:16-ஐத்தான் எடுப்பார்கள். "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்பதோடு நிறுத்தியும் விடுவார்கள். ஆனால் வசனம் அங்கே முடியவில்லை. கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும் அது சேர்த்தே கண்டிக்கிறது. அதற்கு முந்தின வசனங்களைப் படித்துப் பாருங்கள், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்கிற ஆண்களைப் பார்த்துச் சொன்னது அது. அதையே எடுத்து அடி வாங்கும் பெண்ணின் வாயை அடைப்பது வேதத்துக்குச் செய்கிற அநியாயம்.

சட்டத்துக்கு வருவோம். விவாகரத்தா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, விவாகரத்து கேட்காமலே மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு போன் செய்தால் பாதுகாப்பு அலுவலரிடம் போக வழி சொல்வார்கள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் இதே சென்னையில், ஆயிரம் விளக்கில்தான் வந்தது. இன்று உங்கள் பகுதிக்கும் ஒன்று இருக்கும். கை முறிந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, எக்ஸ்ரே எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை பிரிவதுதான் வழி என்று ஆனால், அதற்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, கொடுமை மட்டும் போதாது, கணவர் வேறு பெண்ணோடு தொடர்பு வைத்திருந்தார் என்றும் சேர்த்து நிரூபித்தால்தான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது. 2001-இல் அதைத் திருத்தினார்கள். இன்று கொடுமை ஒன்றே போதுமான காரணம்.

மாப்பிள்ளையின் குடிக்குச் சிகிச்சை வேண்டும், அதற்குச் சபை நிச்சயம் துணை நிற்கட்டும். அவர் குணமாகும்வரை அடி வாங்கிக்கொண்டு காத்திருப்பது உங்கள் மகளின் வேலை இல்லை.

கேள்வி: ஆயர் ஐயா, திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுகிறோம். ஆனால் எங்கள் சபைப் பத்திரிகையின் வரன் பக்கத்தில் சாதி போடாத விளம்பரம் ஒன்றுகூட இல்லை. கேட்டால், சபையில் சாதியே கிடையாது என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, இருக்கிறது. இந்தச் சண்டைக்கும் வயது அதிகம். 1833-இலேயே பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, பலர் சபையை விட்டே போனார்கள். ஆட்கள் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் ஒரு தலைவர் அப்போது பேசினார். இன்று ஒரு வரன் பக்கத்தைத் திருத்தக்கூட நமக்குத் தயக்கமாக இருக்கிறது.

உங்களுக்குத் தெரிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்துப் பிழைத்த சூசை என்பவர், 1982-இல் அரசு செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அது தனக்குக் கிடைக்காமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். பட்டியல் சாதியினர் பற்றிய 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. சூசை 1985-இல் தோற்றார். மதம் மாறிய பிறகும் அதே இழிவு அதே கடுமையோடு கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் தொடர்கிறது என்று காட்ட போதிய ஆதாரம் வைக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இங்கேதான் நம் தலைவர்கள் நின்று யோசிக்க வேண்டும். அந்த 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு தினம் என்கிறோம், நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு அனுசரிக்கிறோம், 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டபோது நன்றி சொன்னோம். அரசிடம் போகும்போது கிறிஸ்தவத்திலும் சாதி இருக்கிறது என்கிறோம், குருசேகரக் கமிட்டியில் உட்கார்ந்தால் இல்லவே இல்லை என்கிறோம். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியாது. அந்தக் கோரிக்கை நியாயமானது, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதைக் கேட்கும் சபை முதலில் தன் பத்திரிகையில் சாதி போட்ட விளம்பரத்தை நிறுத்தட்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்யும் பிள்ளைகளுக்கு, பெற்றோர் கோபித்தாலும் ஆயர் முன்னால் வந்து ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கட்டும். நீங்கள் வாலிபர் சங்கத்தில் இருந்தால் பொதுக்கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மினிட்ஸில் ஏறாது.

கேள்வி: தேர்தல் நேரத்தில் இன்ன கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று ஆயர் பீடத்தில் நின்று சொல்லலாமா?
– வாசகர், இராயபுரம்

பதில்: கூடாது. மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியே தவறு. ஆனால் கூலி கொடுக்காததைப் பற்றி, மீனவர் குடியிருப்பு இழப்பதைப் பற்றி, சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதைப் பற்றிப் பேசினால் அதை அரசியல் என்று தள்ளாதீர்கள். வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி பேசியதும் இதைத்தான்.

கேள்வி: நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை. விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) சமயத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வந்தவர் தவறாகத் தொட்டார் என்று ஒரு சிறுமி என்னிடம் சொன்னாள். கமிட்டியில் சொன்னேன். ஆளை நிறுத்திவிட்டோம், இதை வெளியே பேசாதே, சபையின் பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள்.
– ஆசிரியை, மாதவரம்

பதில்: சகோதரி, அந்தக் குழந்தை உங்களை நம்பிச் சொல்லியிருக்கிறாள், நீங்களும் அதை மறைக்காமல் கமிட்டியிடம் கொண்டுபோனீர்கள். நன்றி. ஆனால் கமிட்டி சொல்வதைக் கேட்காதீர்கள். ஆளை நிறுத்தினால் அவர் அடுத்த பேட்டையில் அடுத்த சபைக்குப் போய் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, இப்படி ஒரு விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. கமிட்டி பேசி முடித்துக்கொள்ளும் விஷயமே இல்லை இது.

சிறுமியின் அம்மா அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுப்பார்களே என்று அவர்கள் பயப்படுவார்கள். வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், கூடியவரை பெண் அதிகாரிதான் வருவார், சீருடையில் வரக் கூடாது, பெற்றோர் கூட இருக்கலாம், குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நீங்களும் அவளிடம் என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், ஒருமுறை சொன்னதே அவளுக்குப் பெரிய பாரம்.

கமிட்டியின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். பேராயருக்கும் நடந்ததை எழுதி ஒரு கடிதம் அனுப்பி, நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செயலாளர் மறுபடியும் தடுத்தால் அந்த 21-ஆம் பிரிவை அவரிடம் காட்டுங்கள்.