எந்தப் பயிருக்கு முதலிடம்? வாசகர் கேள்விகள்

எங்கள் வேளாண் முதலீட்டு முன்னுரிமைப் பட்டியலில் 17 மதிப்புச் சங்கிலிகள் (ஒரு விளைபொருள் விதையிலிருந்து சாப்பிடுபவர் வரை போகும் மொத்த வழி) இருக்கின்றன. அதிகமா?

பதினேழு இருந்தால் அது முன்னுரிமைப் பட்டியல் அல்ல, வருகைப் பதிவேடு. நாலைந்து போதும். மற்றவற்றைக் கைவிடச் சொல்லவில்லை, புதுப் பணம் அங்கே போகாது, அவ்வளவுதான்.

வறுமை குறைய ஏற்றுமதிப் பயிர் நல்லதா, உள்ளூர் உணவுப் பயிர் நல்லதா?

எந்த நாடு என்று எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்தார் இதற்கென்றே கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஒரு பொருளாதார மாதிரி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சங்கிலியையும் தனியாக வளர்த்துப் பார்த்து, ஒரே அளவு வளர்ச்சிக்கு வறுமை எவ்வளவு குறைகிறது, எத்தனை வேலை வருகிறது, சாப்பாட்டில் எவ்வளவு வகை கூடுகிறது என்று ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றிலும் முதலிடம் வாங்கும் சங்கிலி அநேகமாக இருக்காது. ஏற்றுமதிப் பயிர் டாலர் கொண்டுவரும். பாலும் காய்கறியும் சாப்பாட்டுத் தட்டை மாற்றும். எது வேண்டும் என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டும்.

வெனிலா கிலோ 600 டாலர் வரை போனதாமே. 50,000 குடும்பங்களுக்குக் கொடி கொடுக்கலாமா?

அது 2018 வாக்கில் இருந்த விலை. உலக வெனிலாவில் ஏறத்தாழ 80 சதவீதம் மடகாஸ்கரில் விளைகிறது, மொத்தச் சந்தையே சில ஆயிரம் டன்தான். அங்கே ஒரு புயல் அடித்தால் விலை ஏறும். எல்லாரும் நட்டால் விழும். நட்ட கொடி காய்க்க மூன்று வருஷம் ஆகும். அதற்குள் விலை எங்கே இருக்கும்? வாங்குபவர் யார் என்று முதலில் எழுதுங்கள்.

முதலில் ஆலையைக் கட்டிவிட்டால் விவசாயிகள் தானாக வந்துவிடுவார்கள் என்கிறார் எங்கள் இயக்குநர். தக்காளிக் கூழ் ஆலைக்கு ஒப்புதல் தரலாமா?

இந்த "தானாக" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சரி, கணக்குப் போடுவோம். ஆலை நாளைக்கு 200 டன் அரைக்கும், பருவம் 75 நாள் என்று வையுங்கள். 15,000 டன் பழம் வேண்டும். ஹெக்டேருக்கு 20 டன் விளைந்தால் 750 ஹெக்டேர். ஆளுக்குக் கால் ஹெக்டேர் என்றால் 3,000 குடும்பங்கள். அத்தனை பேரும் ஒரே வாரத்தில் நட்டால் பழம் ஒரே வாரத்தில் வந்து குவியும். வாரம் பிரித்து நட வைப்பது யார்? கோடையில் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஒரு கிலோ கூழுக்குச் சுமார் ஆறு கிலோ பழம் போகிறது, அதனால் ஆலை அதிக விலை தர முடியாது. பச்சையாக விற்க வாங்கும் வியாபாரி வண்டியோடு வயலோரம் நின்று கூடுதலாகத் தருவார். விவசாயி யாருக்குப் போடுவார்? மீதி ஒன்பது மாதம் இயந்திரம் சும்மா நிற்கும், வட்டி மட்டும் நிற்காது.

ஒரு தடவை இப்படி ஒரு ஆலையைப் பார்க்கப் போனேன். திறப்புவிழாக் கல்வெட்டு பளபளவென்று இருந்தது, கொதிகலன் மேல் குருவி கூடு கட்டியிருந்தது. முதலில் விதை, தண்ணீர், சாலை, கொள்முதல் ஒப்பந்தம். அப்புறம் வேண்டுமானால் ஆலை. மறுபடியும் சொல்கிறேன், ஆலை தருகிற விலைக்கு விற்பவரும், கூழை வாங்குபவரும் பெயரோடு காகிதத்தில் இருக்க வேண்டும்.

மதிப்பெண் அட்டவணையில் அமைச்சர் விரும்பிய பயிர் ஆறாவதாக வந்தது. ஒவ்வொரு அளவுகோலுக்கும் கொடுத்த எடைகளை மாற்றலாமா?

மாற்றலாம். அதற்குப் பிறகு அதை ஆய்வு என்று சொல்லாதீர்கள்.

அறுவடைக்குப் பின் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது, எனவே குளிர்பதனக் கிடங்கில்தான் முதலீடு செய்ய வேண்டும், சரிதானே?

அந்த மூன்றில் ஒரு பங்கு 2011-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு சொன்னது; கடையிலும் வீட்டிலும் வீணாவதும் அதில் அடக்கம். 2019-இல் அதே அமைப்பு, அறுவடைக்குப் பின் சில்லறைக் கடைக்கு வருமுன் இழப்பதைச் சுமார் 14 சதவீதம் என்றது. தானியத்துக்குக் குளிர்பதனம் எதற்கு? எந்தப் பயிர், எந்தக் கட்டத்தில் இழப்பு, அளந்தது எடையா பணமா என்று எழுதி மறுபடி அனுப்புங்கள்.