இகி தீவு இல்லாத டிஸ்க்

கேள்வி: வணக்கம் சட்டத்தரணி சேர். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஐந்து கிழமைக்கு முன் யாழ் நகரில் ஒரு கடையில், பிளேஸ்டேஷன் 5க்கான 'கோஸ்ட் ஒஃப் சுஷிமா' கேமின் டைரக்டர்ஸ் கட் (இகி தீவு என்ற மேலதிகக் கதையும் சேர்ந்த பதிப்பு) டிஸ்க்கை 18,500 ரூபாவுக்கு வாங்கினேன். "இகி தீவும் சேர்த்துத்தான்" என்று கடைக்காரர் வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். காசை வங்கியில் போட்டேன், மச்சான் போய் எடுத்து வந்தான். சீலை உடைத்துப் போட்டுப் பார்த்தால், அது பிளேஸ்டேஷன் 4க்கு வந்த பழைய பதிப்பு. கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே கேம்தானே, உங்கட மெஷினில ஓடுது, மிச்சத்தை ஒன்லைனில வாங்குங்கோ" என்கிறார். பற்றுச்சீட்டில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்றும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் நான் ஒன்று கேட்கிறேன். பழைய பதிப்பு என்று தெரிந்த பிறகும் எவ்வளவு விளையாடினீர்கள்? கதாநாயகன் ஜின் சக்காயைக் குதிரையில் ஏற்றிச் சுஷிமா தீவு முழுக்கச் சுற்றியிருந்தால், "பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று கடைக்காரர் வாதாடலாம். நீங்கள் வென்ற ஒவ்வொரு ட்ரோஃபியிலும் (கேம் தரும் சாதனைப் பதக்கம்) திகதியும் நேரமும் பதிவாகியிருக்கும். ஆகவே இன்றோடு நிறுத்துங்கள். பிரித்துப் பார்த்தது பிழையில்லை. சோதித்துப் பார்க்க நியாயமான அவகாசம் வாங்கியவருக்கு உண்டு.

அப்புறம், கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. 2020 ஜூலையில் வந்த அந்தப் பதிப்பு பழுதான பொருள் அல்ல. 1274ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்புக் கதை இரண்டிலும் ஒன்றுதான். பிளேஸ்டேஷன் 5இல் அது வினாடிக்கு 60 ஃப்ரேம் வரை ஓடும். பலர் சேர்ந்து விளையாடும் லெஜண்ட்ஸ் பகுதியும் 2020 ஒக்டோபரிலேயே இலவசமாக வந்துவிட்டது. கோபத்தில் "அதுவும் இல்லை" என்று முறைப்பாட்டில் எழுதிவிடாதீர்கள். ஒரு பொய் அகப்பட்டால் மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

உங்களுக்குக் கிடைக்காதவை வேறு. 2021 ஓகஸ்ட் 20இல் வந்த டைரக்டர்ஸ் கட்டில்தான் இகி தீவுக் கதை இருக்கிறது. ஜப்பானிய வசனத்துக்குப் பொருந்தும் உதட்டசைவு, கொன்ட்ரோலரின் நுணுக்கமான அதிர்வு, முப்பரிமாண ஒலி ஆகியவை அதன் பிளேஸ்டேஷன் 5 பதிப்பில் சேர்ந்தவை. பழையதை வைத்திருந்தவர் அதற்கு மாற, அப்போது ஏறத்தாழ 30 டொலர் கட்டவேண்டியிருந்தது. ஒரே கேம் என்றால் அந்த 30 டொலர் எதற்காம்?

எனவே "பழுது" என்று எழுதாதீர்கள், "சொன்ன பொருள் இது அல்ல" என்று எழுதுங்கள். வழக்கு முழுக்க அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. விவரித்து விற்கும் பொருள் அந்த விவரிப்போடு பொருந்தவேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் உள்ள நிபந்தனை. வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. பற்றுச்சீட்டில் ஒரு வரி அச்சடித்துவிட்டால், ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கொடுக்க அனுமதி கிடைத்துவிடாது.

ஒன்லைன் யோசனையைச் சொல்வது சுலபம். பிளேஸ்டேஷன் ஸ்டோர் இயங்கும் நாடுகளில் இலங்கை இல்லை. நம் பெடியள் வேறு நாட்டுக் கணக்கு வைத்துத்தான் சமாளிக்கிறார்கள். டிஸ்க்கின் பிராந்தியமும் (அது எந்தப் பகுதிச் சந்தைக்கு வந்தது என்பது) கணக்கின் பிராந்தியமும் ஒத்துவராவிட்டால், காசு கட்டி வாங்கிய மேலதிகப் பகுதியும் அந்த டிஸ்க்கோடு சேராது. கடையின் பிழைக்கு அந்தச் செலவையும் தலையிடியையும் நீங்கள் ஏன் சுமக்கவேண்டும்?

சரி, செய்யவேண்டியது இதுதான். டிஸ்க்கை ஏற்க மறுப்பதாகவும், சரியான பதிப்பையோ முழுப் பணத்தையோ 14 நாட்களுக்குள் தரவேண்டும் என்றும் கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும், உங்களுக்கு ஐந்து கிழமை ஏற்கெனவே போய்விட்டது. விபரம் கேட்க அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். காசைத் திரும்பப் பெற வழக்கு என்று போனால், இந்த அளவு சிறு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது, எனவே எனக்கும் கட்டணம் இல்லை!

நீங்கள் நிறைய விளையாடிவிட்டிருந்தால் முழுப் பணம் கிடைப்பது கடினம். அப்போதும் இரண்டு பதிப்புக்கும் இடையிலான விலை வித்தியாசத்தை நட்டஈடாகக் கேட்கலாம். அதைத் தருகிறேன் என்று கடைக்காரரே இறங்கி வந்தால், என்னைக் கேட்டால் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவேன்.

வட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் பலம். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வழி செய்கிறது. ஸ்கிரீன்ஷொட் மட்டும் எடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள், செய்திகள் தானாக மறையும் வசதி போட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வங்கிச் சீட்டும் டிஸ்க் வந்த பெட்டியும் பத்திரம்.