காடு குளிர்ச்சி, வெளி சூடு

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் மலேசியாவில், சுங்கை சிப்புட் சந்தையில் பெத்தாய்க் காய் விற்க வரும் ஓராங் அஸ்லிப் பழங்குடியினரைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். வீடு கட்டிக் கொடுத்தாலும் சிலர் திரும்பவும் காட்டுக்கே போய்விடுகிறார்களாம். வேட்டையாடி, கிழங்கு தோண்டிப் பிழைப்பது கஷ்டம் என்று அவர்களுக்கே தோன்றாதா?

– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஓராங் அஸ்லியில் பல பிரிவுகள் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் தெமியார்கள். வேட்டைக்குப் போனாலும் மலைநெல்லும் மரவள்ளியும் போடுகிறவர்கள். உங்கள் கேள்வி இன்னொரு பிரிவான பாத்தேக் மக்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும். தாமான் நெகாரா தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய கிளந்தான், பகாங், திரெங்கானு காடுகளிலும் வாழ்கிறவர்கள். பிரம்பு வெட்டி விற்று அரிசியும் வாங்குவார்கள். நம்மை அறியாதவர்கள் அல்ல.

1970களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த எண்டிகாட் தம்பதியர் எழுதியதில் ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. பாத்தேக்குகளுக்குக் காடு குளிர்ச்சி. மரம் வெட்டிய வெளி சூடு, சூடு என்றால் நோய். நாம் நல்ல வீடு என்று காட்டுவது அவர்கள் கணக்கில் காய்ச்சல் வரும் இடம். மத்தியானம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்கடியில் படுத்துப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் இன்னும் விசேஷம். கொண்டுவந்த உணவில் முகாமில் எல்லாருக்கும் பங்கு. பசித்துக் கேட்டவருக்கு மறுத்தால், மறுத்தவருக்கு அல்ல, கேட்டு ஏமாந்தவருக்கே கெடுதல் வரும் என்று நம்புகிறார்கள். அப்புறம் எப்படி ஒளித்து வைப்பது? நீலகிரியில் காட்டுநாயக்கர்கள் காட்டைத் தாய் தகப்பனாகவே பார்க்கிறார்கள். அப்பா சோறு போடுகிற வீட்டில் எந்தப் பிள்ளை நாளைக்கென்று எடுத்துவைக்கும்? ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த ஒருவரிடம் ஏன் பயிரிடவில்லை என்று கேட்டதற்கு, உலகத்தில் இவ்வளவு மொங்கோங்கோ கொட்டை இருக்கும்போது எதற்கு என்றாராம்.

கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2019இல் குவாலா கோ கிராமத்துப் பாத்தேக்குகளிடையே தட்டம்மை பரவிப் பலர் இறந்தார்கள். அந்தக் கிராமத்தைச் சுற்றிப் பாமாயிலுக்கான செம்பனைத் தோட்டங்கள். காடு சுருங்கினால் குளிர்ச்சிக்கு எங்கே போவார்கள்?

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்னால் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. அப்படி ஒரு காலையில் வாசலில் நின்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார். பெத்தாய்க் கட்டோடு நனைந்து வந்த ஓராங் அஸ்லிப் பெரியவர் ஒருவர், மழை பெய்தால் உன் மரம் சோறு போடாதா என்று மலாயில் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கட்டுப் பெத்தாயைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.