விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள்: கேள்வி பதில்

கேள்வி: 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடியவன் நான். எட்டு மாதம் விட்டுப்போனது. இப்போது 2 கிலோமீட்டரிலேயே மூச்சிரைக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தால் மறுநாள் போகவே மனம் வருவதில்லை.

பதில்: கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடுங்கள். ஓட்டத்தை நிறுத்திய இரண்டு மூன்று வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தமும் குறைவதால், பழைய வேகத்துக்கே அது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் இரைப்பில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சீராக ஓடத் தொடங்கினால் பிளாஸ்மாதான் முதலில் மீளும். மற்றவை மெல்ல வரும்.

கணுக்கால் எலும்பு முறிந்து ஐந்து மாதம் முடங்கியவன் நான். கட்டுப் பிரித்த பிறகும் ஒரு மாதத்தை, பழைய நேரங்களைக் குறித்துவைத்த நோட்டைப் புரட்டியே வீணாக்கினேன். கடைசியில் புது நோட்டு வாங்கினேன். அதன் முதல் வரி: ‘12 நிமிடம். நடை 8, ஓட்டம் 4.’ மூன்றாம் பக்கத்தில் நடை 5 ஆகியிருந்தது. பழைய நோட்டில் எந்தப் பக்கமும் தராத மகிழ்ச்சியை அந்த ஐந்து தந்தது.

கேள்வி: எடைப் பயிற்சியை விட்டு ஓராண்டு ஆகிறது. சேர்த்த பலமெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. மூச்சைப் போலப் பலம் சட்டென்று இறங்காது. முதன்முறை பட்ட பாடும் மறுபடி படவேண்டியதில்லை. பழைய எடையில் பாதியோடு தொடங்குங்கள். அடுத்த ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலிக்கும். மாடிப்படி இறங்கும்போது முனகினால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: மூன்றாவது வாரம் நன்றாக இருந்தது என்று தூரத்தை இரட்டிப்பாக்கினேன். இப்போது குதிகாலுக்கு மேலே வலி. மனமே விட்டுப்போனது.

பதில்: பலர் கவிழ்வது இங்கேதான். மூச்சும் தசையும் முந்திக்கொள்ளும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் தேறுவதற்கு மாதங்கள் ஆகும். ‘இன்று இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே’ என்று தோன்றும் நாளில்தான் நிறுத்தத் தெரிய வேண்டும். வலி தணியும்வரை ஓட்டம் வேண்டாம். தணியாவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: அதை நம்பி 22ஆம் நாள் ஏமாந்தவர்கள் ஏராளம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கில், ஒரு செயல் பழக்கமாவதற்கு ஆகும் காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் இல்லை என்றும் கண்டார்கள். எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

கேள்வி: காலையில் எழுந்தாலே சோம்பல். என்ன செய்யலாம்?

பதில்: ஷூவை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடங்கள். அதன் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். திரும்பினாலும் அன்று போனதாகவே நோட்டில் எழுதுங்கள். நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.

கேள்வி: வயது 58. மெதுவாக ஓடினாலும் நெஞ்சு இறுக்குகிறது. பழகினால் சரியாகுமா?

பதில்: இதைப் பழகிப் பார்க்கக் கூடாது. பயிற்சியை இன்றே நிறுத்தி, மருத்துவரிடம் உடனே போங்கள். ஓய்விலும் இறுக்கம் நீடித்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.