ஒரு ‘எஸ்’ விட்டால் குடியா முழுகிவிடும்? – ஆங்கில டீச்சர் பதில்கள்

இந்த முறை ஆங்கில இலக்கணக் கேள்விகள் மட்டும் என்று அறிவித்திருந்தோம். கடிதங்களும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழில் பார்க்கலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டு வாசியுங்கள்.

கேள்வி: டீச்சர், பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை போட்டுப் பாடமாக்கிவிட்டேன். யார் கேட்டாலும் கடகடவென்று சொல்வேன். ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. ‘ஹேவ்’ போடுவதா, வேண்டாமா என்பதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறேன்.
– சாதாரண தர மாணவி, மஸ்கெலியா

பதில்: மகள், அந்த அட்டவணையை மடித்து மேசைக்குள் வை. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டு கட்டங்களுக்கும் ஒரே அளவு வேலை இருப்பதாக அது காட்டுகிறது, அதுதான் தொந்தரவு. ‘ஐ ஷால் ஹேவ் பீன் ரைட்டிங்’ என்று இந்த வருடம் முழுக்க எத்தனை தரம் சொல்லப் போகிறாய்? ஒரு கடிதத்துக்கோ கட்டுரைக்கோ சிம்பிள் பிரசன்ட், சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் கன்டினியூவஸ், பிரசன்ட் பர்ஃபெக்ட், அதோடு வருங்காலத்துக்கு ஒரு ‘வில்’ இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். நீ தடுக்கி விழுவது ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வரும் பிரசன்ட் பர்ஃபெக்டில் மட்டும்.

வீட்டில் யாராவது தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இருந்தால் இது உடனே விளங்கும். மத்தியான நிறுவையில் அம்மாவுக்குப் பன்னிரண்டு கிலோ. நாள் இன்னும் முடியவில்லை, அந்தி நிறுவை பாக்கி. இப்போது சொல்ல வேண்டியது: ‘ஷி ஹேஸ் பிளக்ட் டுவெல்வ் கிலோஸ்’. அந்தியில் கடைசி நிறுவையும் முடிந்து, கணக்கப்பிள்ளை புத்தகத்தில் எழுதி, எல்லோரும் லயத்துக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் அதைப் பற்றிப் பேசினால்: ‘ஷி பிளக்ட் எய்ட்டீன் கிலோஸ் யெஸ்டர்டே’. ‘ஹேஸ்’ போய்விட்டது, ஏனென்றால் நேற்றைய கணக்கு மூடியாயிற்று.

யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 என்று முடிந்துபோன நேரத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் அந்த வாக்கியத்தில் ‘ஹேவ்’வுக்கு இடமில்லை. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ பிழை, ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’ சரி. டுடே, திஸ் வீக், சோ ஃபார், யெட் இவையெல்லாம் இன்னும் மூடாத கணக்கு, அங்கே ‘ஹேவ்’ வரலாம். ஒன்று மட்டும் கவனம். அமெரிக்கர்கள் பேச்சில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்பார்கள். அதை யூடியூபில் கேட்டுவிட்டு வந்து குழம்பாதே. நம் பாடப்புத்தகம் பிரிட்டிஷ் வழக்கை ஒட்டிப் போகிறது. ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்றே எழுது.

பேனா நகராததற்குக் காரணம் வேறு. நீ விதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற வாக்கியத்தைத் தேடுகிறாய். முதலில் சொல்வதற்கு ஒரு சங்கதி வேண்டும். பஸ் வரவில்லை, தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, தம்பி கிரிக்கெட் ஆடிக் காலை உடைத்துக்கொண்டான், எதுவானாலும் சரி. அதை நான்கு வரியில் எழுது. அப்புறம் அட்டவணையை எடுத்து, நீ எழுதியது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்.

கேள்வி: கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போகிறேன். பயிற்சிக் கொப்பியில் பிள்ளைகள் ‘ஷி கோஸ்’ என்று சரியாக எழுதுகிறார்கள். வாயைத் திறந்தால் ‘ஷி கோ டு ஸ்கூல்’. மேற்பார்வைக்கு வருபவர் ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்தச் சொல்கிறார். திருத்தத் திருத்தப் பிள்ளைகள் பேசுவதையே விட்டுவிடுகிறார்கள்.
– ஆசிரிய மாணவி, பத்தனை

பதில்: தங்கச்சி, பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. ஒரு ‘எஸ்’ விட்டால் குடி முழுகிவிடாது. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து 1973இல் புத்தகமாக வெளியிட்டார். வினையோடு ஒட்டும் ‘இங்’ அவர்களுக்கு முதலில் கைவந்தது. பன்மை ‘எஸ்’ அடுத்த சில படிகளில் வந்தது. ‘ஏ’, ‘தி’ இன்னும் பின்னால். ‘ஷி கோஸ்’ வகை ‘எஸ்’ அவர் கவனித்த 14 உருபுகளில் பத்தாவது இடத்தில்தான் வருகிறது, இறந்தகால ‘எட்’டுக்கும் பிறகு. தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்த குழந்தைக்கே அவ்வளவு தாமதம் என்றால், வாரத்துக்குச் சில பாடவேளை ஆங்கிலம் கேட்கிற பிள்ளையை நாம் என்ன சொல்வது?

தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறார்கள் என்று வினையே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் அந்த ஒட்டுகள் காலப்போக்கில் உதிர்ந்து, நிகழ்காலத்தில் இந்த ஒற்றை ‘எஸ்’ மட்டும் மிச்சம். ‘ஷி’ என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டதால் ‘எஸ்’ இல்லாவிட்டாலும் விஷயம் விளங்கிவிடுகிறது. அதனால்தான் அவசரமாகப் பேசும் பிள்ளை அதை விட்டுவிடுகிறது. எழுதும்போது யோசிக்க நேரம் இருப்பதால் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு விதி தெரியும், பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

பேச்சை நிறுத்தாதே. ‘ஷி கோ டு ஸ்கூல்’ என்று பிள்ளை சொன்னால், ‘ஓ, ஷி கோஸ் டு ஸ்கூல்? ஹவ் டஸ் ஷி கோ?’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடு. சரியான வடிவம் காதில் விழுந்துவிடும், பிள்ளையும் பதில் சொல்லும். அப்பாயியைப் பற்றி, வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசவிடு. ‘ஷி’யும் ‘இட்’டும் தானாக நிறைய வரும். எழுத்தில் திருத்தும்போது ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் குறி. இன்னொன்று: ‘டஸ் ஷி கோஸ்?’ என்று இரண்டு தரம் ‘எஸ்’ போடும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளை விதியைப் பிடித்துவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ‘டஸ்’ வந்தால் ‘எஸ்’ அதனோடு போய்விடும் என்று காட்டிக்கொடு.

மேற்பார்வையாளர் வரும் நாளில் என்ன செய்வது என்று கேட்காதே. அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை.

கேள்வி: ‘ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்’ என்று கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். புதிதாக வந்த இளைய அதிகாரி சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘பிளீஸ் டு தி நீட்ஃபுல்’ என்பதற்கும் ஒரு வட்டம்.
– தொழிற்சாலை எழுதுவினைஞர், தலவாக்கலை

பதில்: முதல் வட்டம் நியாயம்தான் தம்பி. ‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைக் கேட்கும்: சின்ஸ் 2018, சின்ஸ் மன்டே, சின்ஸ் திஸ் மார்னிங். ‘ஃபோர்’ நீளத்தைக் கேட்கும்: ஃபோர் சிக்ஸ் இயர்ஸ், ஃபோர் டூ அவர்ஸ். அன்று தொடங்கி இன்றும் நடக்கிற வேலை என்பதால் ‘ஆம் வர்க்கிங்’ போதாது. ‘ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது வட்டத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். ‘டு தி நீட்ஃபுல்’ இலக்கணப் பிழையே அல்ல. பிரிட்டிஷ்காரர்களின் பழைய அலுவலக வழக்கு அது. அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், நம் கோப்புகள் விடவில்லை. ஆனாலும் மாற்றுவது நல்லது. என்ன செய்ய வேண்டும் என்று நேராகக் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்: ‘பிளீஸ் சென்ட் அஸ் தி ரிசீட் பை ஃப்ரைடே’.

கேள்வி: எல்லவில் த்ரீவீல் ஓட்டுகிறேன். ‘யூ வாண்ட் கோ நைன் ஆர்ச்?’ என்று கேட்டால் ஏறி உட்காருகிறார்கள். வழிகாட்டி லைசன்ஸ் எடுக்கவும் ஓர் எண்ணம் இருக்கிறது. இந்த ‘ஏ’, ‘தி’ எல்லாம் அவ்வளவு முக்கியமா?
– வாசகர், எல்ல

பதில்: வாடகைக்கு இது போதும். லைசன்ஸுக்குப் போதாது. கேள்வியை ‘டு யூ வாண்ட் டு கோ டு தி நைன் ஆர்ச் பிரிட்ஜ்?’ என்று நீட்டுங்கள். ஒரே மூச்சில் சொல்லப் பழகினால் வந்துவிடும்.

‘ஏ’, ‘தி’ விஷயத்தில் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சொல்வது எதை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? ‘தேர் இஸ் ஏ டீ ஃபேக்டரி நியர் ஹியர்’ என்று முதலில் அறிமுகப்படுத்துங்கள். அடுத்த வாக்கியத்தில் அவருக்கு அது தெரிந்த தொழிற்சாலை: ‘தி ஃபேக்டரி குளோசஸ் அட் ஃபைவ்’.

இடப் பெயர்களில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தனி மலைக்கு ‘தி’ இல்லை. எல்ல ராக், பிதுருதலாகலை, ஆடம்ஸ் பீக் என்று அப்படியே சொல்லுங்கள். மலைத்தொடர் என்றால் வேண்டும்: தி நக்கிள்ஸ். ஆறுக்கு வேண்டும்: தி மகாவலி. ஏரிக்கு வேண்டாம், லேக் கிரெகரி. நம் நீர்வீழ்ச்சிகளுக்கும் வேண்டாம், டெவன் ஃபால்ஸ், செயின்ட் கிளேயர்ஸ் ஃபால்ஸ் என்று சொன்னால் போதும். ஏன் ஆறுக்கு உண்டு, ஏரிக்கு இல்லை என்று கேட்டால் வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். நீங்கள் தினமும் போகிற இடங்கள்தானே, பட்டியல் போட்டு டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். நைன் ஆர்ச் பாலம் கட்டி முடிந்த 1921ஆம் ஆண்டையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ‘ஐ’, ‘வீ’ வந்தால் ‘ஷால்’, மற்றவற்றுக்கு ‘வில்’. பேத்தி எல்லாவற்றுக்கும் ‘வில்’ போடுகிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர், பொகவந்தலாவை

பதில்: சொல்லிக்கொடுத்தது சரிதான் ஐயா. நீங்கள் படித்த விதியின் மூலம் 1653இல், ஜோன் வாலிஸ் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் இருக்கிறது. அவர் கணித மேதை. முடிவிலிக்குப் போடும் படுத்த எட்டுக் குறியும் அவர் தந்ததுதான். பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடசாலைகளில் பரப்பினார்கள், துரைமாரோடு அது இங்கேயும் வந்து சேர்ந்தது. சாதாரண மக்கள் பேச்சு அதை எப்போதுமே அவ்வளவு கறாராகப் பின்பற்றியதில்லை. இன்று ‘ஐ வில்’ எங்கும் செல்லும். ‘ஷால் ஐ ஓப்பன் தி டோர்?’, ‘ஷால் வீ கோ?’ என்று சம்மதம் கேட்கும் இடத்தில் ‘ஷால்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பேத்திக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ‘யூ ஆர் கமிங், நோ?’ என்பது தவறா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: நமக்குள் பேச ஒரு குறையும் இல்லை, இலங்கை முழுக்க அப்படித்தான். பரீட்சையில் ‘யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?’

கேள்வி: நகரத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பில் ‘கிராமரே தேவையில்லை, முப்பது நாளில் பேசலாம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மகனைச் சேர்க்கலாமா? லயத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார் வீட்டுக்காரர்.
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: முதலில் வீட்டுக்காரருக்கு. வட்டகொடைப் பக்கம் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையாகவே எழுதினார், 1947இல் பாராளுமன்றத்துக்கும் போனார். இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

வகுப்பு விஷயம். முப்பது நாளில் வணக்கம் சொல்லவும் பெயர், ஊர் சொல்லவும் வரும். இலக்கணம் இல்லாமல் எந்த மொழியும் இல்லை, அதை அட்டவணையாகச் சொல்லிக்கொடுக்காமல் வேண்டுமானால் இருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் பின்வாங்கில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பேசியது யார், வாத்தியாரா பிள்ளைகளா? வாத்தியார் மட்டும் என்றால் பணத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போய்ப் பல வருடமாகிறது. இலக்கணத்தை முதலிலிருந்து படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?
– வாசகர், இராகலை

பதில்: வாங்க வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் ஆறாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் இரவல் கேட்கலாம், திணைக்களத்தின் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கியும் கொள்ளலாம். பெரிய ஆள் இதைப் படிப்பதா என்று கூச்சமாக இருந்தால் பழைய பேப்பரில் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். இரவல் புத்தகத்தில் விடை எழுத வேண்டாம், தனிக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.