ராபின் சிங்கும் நாற்பது கேட்ச்சும்: வாசகர் கேள்வி பதில்

பேட்டிங், பௌலிங் இரண்டும் செய்த இந்திய ஆல்ரவுண்டர் ராபின் சிங் ஆடியது 136 ஒருநாள் போட்டி, 2336 ரன், 69 விக்கெட். ஒரே ஒரு டெஸ்ட். என் அப்பா மட்டும் அவரைப் பற்றி இன்னமும் மணிக்கணக்காகப் பேசுகிறார். அப்படி என்னதான் செய்துவிட்டார்?
வாசகர், மடிப்பாக்கம்

உங்கள் அப்பா பக்கம்தான் நான். ராபின் பெரும்பாலும் இறங்கியது ஆறாவது, ஏழாவது ஆட்டக்காரராக. மிச்சம் இருப்பது ஏழெட்டு ஓவர், சில நாள் இரண்டே ஓவர். அந்த இடத்தில் ஆடுகிறவரின் சராசரியைத் தொடக்க ஆட்டக்காரரோடு வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. தட்டிவிட்ட பந்துக்கு ஒரு ரன் ஓடிவிட்டு, ஃபீல்டர் குனிந்து எடுப்பதற்குள் இரண்டாவதுக்குத் திரும்பிவிடுவார். பாயின்ட், கவர் பக்கம் அவர் நின்றால் எதிரணிக்காரர்கள் அங்கே சிங்கிள் ஓட யோசிப்பார்கள். ஓடாமல் விட்ட ரன் எந்தக் கணக்கில் வரும், சொல்லுங்கள்!

1998 பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, டாக்காவில் இந்தியா-பாகிஸ்தான் இறுதிப்போட்டி. பாகிஸ்தான் 48 ஓவரில் 314. புரசைவாக்கத்தில் ஒரு டிவி கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தேன். மூன்றாவதாக ராபின் இறங்கியதும் பக்கத்தில் நின்றவர் 'இவர எதுக்குய்யா இப்ப அனுப்புறாங்க' என்று தலையில் கை வைத்தார். 82 ரன். கங்குலியோடு சேர்ந்து 179. அப்புறம் விக்கெட்டுகள் சரிந்து, வெளிச்சம் மங்கி, கடைசியில் கனிட்கர் அடித்த நான்கில் ஒரு பந்து மிச்சம் இருக்க ஜெயித்தோம். எல்லோருக்கும் அந்த நான்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கடைசி ஓவர் வரைக்கும் ஆட்டம் வந்ததே ராபினும் கங்குலியும் போட்ட அஸ்திவாரத்தால்தான். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் டான்டனில் இலங்கையோடு நடந்த ஆட்டமும் அப்படியே. கங்குலி 183, திராவிட் 145 என்று பேசுவார்கள். அதே ஆட்டத்தில் இலங்கையின் ஐந்து விக்கெட்டை 31 ரன்னுக்கு எடுத்தவர் ராபின்.

ட்ரினிடாடில் பிறந்தவர் எப்படி நம்ம ஊர்க்காரர் ஆனார்?
வாசகர், பெரம்பூர்

1963-ல் ட்ரினிடாடின் பிரின்சஸ் டவுனில் பிறந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் படிக்க மெட்ராஸ் வந்தார், இங்கேயே தங்கிவிட்டார். 1987-88-ல் தமிழ்நாடு 33 ஆண்டுகளுக்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவரும் உண்டு. 1989-ல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் இந்தியாவுக்கு ஆடினார். இரண்டே ஆட்டம். அதற்குப் பிறகு ஏழு வருஷம் கூப்பிடவே இல்லை. மறுபடி அழைப்பு வந்த 1996-ல் அவருக்கு வயது 33. பலர் மூட்டை கட்டுகிற வயதில் இவர் ஆரம்பித்து 2001 வரை ஆடினார். அந்த ஏழு வருஷமும் உள்ளூர் கிரிக்கெட்டில் உடம்பை அப்படி வைத்திருந்தாரே, அவர் பெற்ற எல்லா விக்கெட்டையும் விட எனக்கு அதுதான் பெரிது.

பெரிய ஆட்டக்காரர்கள் கோச் ஆகித் தடுமாறுகிறார்கள். ஆல்ரவுண்டர்கள் மட்டும் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
வாசகர், குரோம்பேட்டை

எல்லா ஆல்ரவுண்டரும் இல்லை. ஆனால் இயற்கையாகவே வந்துவிட்ட ஆட்டத்தை இன்னொருவருக்குப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டவருக்கு அதைச் சொல்லித்தரத் தெரியும். ராபின் பயிற்சி கொடுத்த ஹாங்காங் 2004 ஆசியக் கோப்பையில் ஆடியது. 2007-ல் இந்திய அணிக்கு ஃபீல்டிங் கோச். அந்த வருஷ டி20 உலகக் கோப்பை இறுதியில் வெளுத்துக்கொண்டிருந்த இம்ரான் நசீரை உத்தப்பா நேராக ஸ்டம்பில் எறிந்து ரன் அவுட் ஆக்கினாரே, கோப்பையை உறுதி செய்த ஸ்ரீசாந்தின் கடைசி கேட்ச்சுக்கு ஒரு துளியும் குறையாதது அது. அப்புறம் டெக்கான் சார்ஜர்ஸ், நெடுங்காலம் மும்பை இந்தியன்ஸ், ஐக்கிய அரபு அமீரகம் என்று போனார்.

நம்ம ஊரிலேயே இன்னும் இருவர் இருக்கிறார்கள். இடக்கை சுழல் போட்டுக்கொண்டு வந்து பேட்ஸ்மேனாக மாறிய டபிள்யூ.வி. ராமன் பயிற்சியில்தான் இந்தியப் பெண்கள் அணி 2020 டி20 உலகக் கோப்பை இறுதிவரை போனது. எட்டே ஒருநாள் போட்டி ஆடிய எஸ். ஸ்ரீராம், ஆஸ்திரேலியாவுக்கே போய்ப் பல வருஷம் சுழல் பந்து சொல்லிக்கொடுத்தார்.

என் மகனுக்கு 13 வயது. பேட்டிங்கா பௌலிங்கா, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார் கோச். என்ன செய்யட்டும்?
வாசகி, ஆவடி

இப்போது வேண்டாம் அம்மா. 13 வயதில் உயரம் எவ்வளவு போகும், தோள் எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் செய்யட்டும். வேகப் பந்து போடுகிறான் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் என்று மட்டும் கணக்கு வையுங்கள், வளர்கிற முதுகு சீக்கிரம் அடிவாங்கும்.

என் அக்கா மகனைச் சேர்த்த இடத்தில் ஒரு நெட்டுக்கு, அதாவது பேட்டிங் பழகும் வலைக்கூண்டுக்கு, முப்பது பையன்கள். ஆறு பந்து ஆட ஒரு மணி நேரம் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்று மாதப் பணம் போனது. அப்புறம் வேறொரு மைதானத்தில் சேர்த்தோம். காலை ஆறு மணிக்கு அங்கே போய்ப் பார்த்தேன். வயதான ஒரு கோச், நான்கு நான்கு பேராகப் பிரித்து நிறுத்தி, பத்தடி தூரத்திலிருந்து பேட்டால் தட்டித் தட்டிக் கேட்ச் கொடுத்துக்கொண்டிருந்தார். விட்டவனைத் திட்டவில்லை, 'கைய முன்னாடி நீட்டாத, உன்கிட்ட வரவிடு' என்று அதே பந்தை மறுபடி தட்டினார். ஒரு பையனுக்கு நாற்பது கேட்ச்சாவது வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் நெட்.

ஆகவே இந்த வாரம் ஒரு நாள் பயிற்சி முடியும்வரை ஓரமாக உட்கார்ந்து, உங்கள் மகன் கைக்கு எத்தனை பந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்துகூடத் தேறவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள்.