ஸ்போர்ட்டியும் வேணும், முதுகும் பிழைக்கணும்: கார் கேள்வி பதில்

கோவையில் சஸ்பென்ஷன், வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். "தினமும் ஆபீசுக்கும் ஓட்டணும், ஞாயிற்றுக்கிழமை மலையேறினா ஜாலியாவும் இருக்கணும், அப்படி ஒரு கார் சொல்லுங்க" என்று நம்ம கார் கிளப்பில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்ததால் இன்று ராத்திரி இதற்கென்றே உட்கார்ந்திருக்கிறேன். லோன், இன்ஷூரன்ஸ், ஃபேன்சி நம்பர் எல்லாம் என் டிபார்ட்மென்ட் இல்லை. டயர், ஷாக், ஸ்டீயரிங் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசுவேன். ஆரம்பிக்கலாம்.

ஓஎம்ஆர் ஐடிக்காரர்: தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. அப்பப்ப ஏலகிரி, ஏற்காடு. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடியா, ஹூண்டாய் வெர்னா டர்போவா? ஆட்டோமேட்டிக்தான் வேணும் அண்ணா.

காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை தம்பி. விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ் (குதிரைத்திறன்), 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை. வெர்னா 1.5 டர்போ 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் முன்னால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). டயர்கூட ஒரே 205/55 ஆர்16. ஓட்டினால்தான் குணம் தெரியும். விர்டஸ் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளத்தைக் கொஞ்சம் உணர்த்தும். 80-ஐத் தாண்டியதும் தரையோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்டீயரிங்கில் ஒரு நம்பிக்கை வரும். வெர்னா ஊருக்குள் லேசாக, மெத்தென்று போகும். மலை வளைவில் அவசரப்பட்டு மிதித்தால் முன் சக்கரங்கள் அவ்வளவு பவரையும் தரையில் இறக்க முடியாமல் தவிக்கும். ஓட்டுகிற சந்தோஷத்துக்கு என் ஓட்டு விர்டஸுக்கு.

ஆனால் உங்களுக்கு உண்மையான தலைவலி கியர்பாக்ஸ். இந்த எஞ்சின்களோடு இரண்டு காரிலும் வருவது 7 கியர் டிரை கிளட்ச் டிசிடி, அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கிற ஆட்டோமேட்டிக். கிளட்ச் ஆயிலில் முழுகி இருக்காது, சூடு காற்றில்தான் ஆறணும். மேடவாக்கம் தாண்டும் வரை அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் முழுசாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தேய்ந்து சூடேறும். முன் வண்டி அசைந்ததுமே நகராதீர்கள். ஒரு கார் நீளம் இடம் விழட்டும், அப்புறம் பிரேக்கை முழுசாக விட்டு ஒரே நகர்த்தலாக நகர்த்துங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைத் தாங்கி நிற்கவே கூடாது, பிரேக்கில் நில்லுங்கள். இந்தப் பொறுமை தினமும் இருக்காது என்றால் விர்டஸிலேயே 1.0 டிஎஸ்ஐ இருக்கிறது. 115 பிஎஸ்தான், ஆனால் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது உரசுகிற கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகப் பவரைக் கடத்தும் ஆட்டோமேட்டிக், நெரிசலில் அலட்டிக்கொள்ளாது. நீங்கள் சொல்லும் ரூட்டில் நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன். ஸ்கோடா ஸ்லாவியாவும் அதே பிளாட்ஃபார்ம், அதே எஞ்சின்கள்தான். பிடித்த முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பனியன்: ஹூண்டாய் ஐ20 என் லைன் புக் பண்ணியாச்சுங்க. 16 இன்ச் வீல் சின்னதா தெரியுது. 17 போட்டுக்கலாமா?

வேண்டாங்க. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் இன்னும் நாலு பேர் இதையே கேட்பார்கள். உங்கள் டயர் 195/55 ஆர்16. அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 55 சதவீதம், அதாவது 107 மில்லிமீட்டர். 17-க்குப் போனால் சக்கரத்தின் மொத்த உயரம் மாறாமல் இருக்க 205/45 போடணும். அதில் பக்கச் சுவர் 92 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் முன்னாடி அடியை வாங்குவது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும். அதில் 15 மில்லிமீட்டரை அழகுக்குத் தாரை வார்க்கிறீர்கள். போதாததற்கு, வெளியே விற்கும் பெரிய ரிம் பெரும்பாலும் கனம் கூடியது. சக்கரம் கனத்தால் ஷாக் அதைத் தரையில் அமர்த்தப் படாதபாடு படும். என் லைன் ஏற்கெனவே சாதாரண ஐ20-ஐவிட இறுக்கமாக ட்யூன் பண்ணின வண்டி. 120 பிஎஸ், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கம்பெனி கொடுத்ததே போதும்.

ஈரோடு மஞ்சள்: இதுல எல்லாம் மைலேஜ் என்ன வரும்?

உங்கள் வலது காலைக் கேளுங்கள்.

மதுரை டீச்சர்: எனக்கு ஓட்டப் பிடிக்கும் சார். அம்மாவுக்கு முட்டி வலி, வாரம் ரெண்டு தடவை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகணும். செடான் ஆசைப்படலாமா?

டீச்சர், இதை அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப் போய்த்தான் முடிவு செய்யணும். தாழ்ந்த சீட்டில் உட்காரும்போது இடுப்பு முட்டியைவிடக் கீழே இறங்கிவிடும், எழுந்திருக்கும்போது முழு பாரமும் முட்டியில் விழும். கதவைத் திறந்து அவர்களை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். கதவுச் சட்டத்தையோ உங்கள் தோளையோ பிடிக்காமல் எழ முடிந்தால் அந்த சீட் உயரம் சரி. செடானில் பெரும்பாலும் முடியாது. உங்கள் பக்க ஆசைக்கு மஹிந்திரா 3எக்ஸ்ஓ 1.2 டிஜிடிஐ பாருங்கள், 130 பிஎஸ், பிக்கப் அபாரம். மாருதி ஃப்ராங்ஸ் 1.0 டர்போவும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டரோடு வருகிறது. 100 பிஎஸ்தான் என்றாலும் கலகலப்பான வண்டி. அதன் கூரை பின்னால் சரிந்து வரும், அதனால் அம்மாவுக்கு முன் சீட்தான்.

சேலம் 18: ஸ்லாவியாவுக்கு 18 இன்ச் அலாய்...

மேலே பனியன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். 16-லிருந்து 17-க்கே அந்தக் கதி.

பீளமேடு ஸ்டான்ஸ்: குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும்ணா. மெத்து மெத்துன்னு இருந்தா அது ஸ்போர்ட்டி காரா? நான் லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கி ஓட்டறேன். வளைவுல வண்டி சாயவே மாட்டேங்குது.

வாங்க, உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் காத்திருந்தேன். சாயவில்லை என்பது வேறு, பிடிமானம் இருக்கிறது என்பது வேறு. வழவழப்பான ரோட்டில் நீங்கள் சொல்வது சரி. மேடு பள்ளமான வளைவில் விறைப்பான ஸ்பிரிங் டயரைத் தரையோடு வைத்திருக்காது, தூக்கி எறியும். டயர் காற்றில் இருக்கும் அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. வண்டி கட்டுக்குள் இருக்க முக்கியமாக வேண்டியது நல்ல ஷாக், அதாவது அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தை அடக்குகிற டேம்பர்.

இன்னொன்று. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியை இறக்கினால் லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) வெளி முனை மேல்நோக்கித் திரும்பிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாடி இறங்கியதைவிட அதிகமாக இறங்கிப்போகும். ஆக, சாய வைக்கிற விசைக்கு நெம்புகோல் நீளம் கூடிவிடுகிறது. அதை ஸ்பிரிங்கின் விறைப்பை வைத்து அமுக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பீளமேடு ஸ்டான்ஸ்: அப்ப ரேஸ் கார் எல்லாம் ஏன் இறுக்கமா இருக்கு? செட்டிபாளையம் கரி டிராக்ல போய்ப் பாருங்கண்ணா.

போயிருக்கிறேன். அந்தத் தார் எவ்வளவு சமமாக இருக்கிறது என்று குனிந்து பார்த்தீர்களா? அங்கே வேகத்தடை இல்லை, மேன்ஹோல் இல்லை, பைப் போடத் தோண்டி மூடின ரோடு இல்லை. இறுக்கம் அங்கே செல்லும். நம்ம ஊர் ராலிக்கும் பேர் போன ஊர்தானே, ராலி காரையும் பாருங்கள். சரளை ரோட்டில் ஓடுகிற ராலி காருக்கு சஸ்பென்ஷன் நீளமாக இறங்கி ஏறும், பாடி நன்றாக உயர்ந்து நிற்கும். அதை யாராவது ஸ்போர்ட்டி இல்லை என்பார்களா? ரோடு எப்படியோ அப்படித்தான் சஸ்பென்ஷன்.

சூலூர் கேரேஜ்: அண்ணன் சொல்றது சரிதான். ஆனா காயில்ஓவர் போட்டா ஷாக்கும் சேர்ந்தே மாறுதே?

அது நியாயமான கேள்வி. நல்ல காயில்ஓவரில் ஸ்பிரிங்குக்குத் தகுந்த டேம்பர் வரும், விலையும் அப்படியே வரும். என் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, கம்பெனி ஷாக்கை அப்படியே விட்ட வண்டிகள். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் முதலில் கையில் வருவது பம்ப் ஸ்டாப், ஷாக் முழுசாக அமுங்கும்போது அடியைத் தாங்குகிற மெத்தை, அது காய்ந்த பன் ரொட்டி மாதிரி உதிரும். ஷாக் ராடின் மேற்பகுதி மங்கிக் கிடக்க, எந்நேரமும் உள்ளேயே ஓடிய அடிப்பகுதியில் மட்டும் பளபளவென்று ஒரு பட்டை இருக்கும். அதற்குக் கீழே சீல் கசிந்து, ஆயிலில் மண் அப்பியிருக்கும். முன் டயரின் உள் விளிம்பு கம்பி தெரியும் வரை தேய்ந்திருக்கும். ஸ்டான்ஸ் தம்பி, உங்கள் வீல் உட்புறத்தை ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பீளமேடு ஸ்டான்ஸ்: உள்பக்கம் லேசா தேய்ஞ்சிருக்குதான். ஆனா லுக்குன்னு ஒண்ணு இருக்கில்லைங்களா?

லுக்குக்கு என்னிடம் மறுப்பே இல்லை. லுக் என்று சொல்லிப் போட்டால் சண்டையே கிடையாது, ஹேண்ட்லிங் என்று சொல்லும்போதுதான் நான் வாயைத் திறப்பேன். சட்டத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்துவோம், வரிசையில் நிறைய பேர் நிற்கிறார்கள்.

நாமக்கல் முட்டை: வெர்னாவா விர்டஸா அண்ணா?

முதல் பதில்.

திருச்சி பேங்க்: செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி டிஎஸ்ஐ நல்லா இருக்குமா?

நல்ல வண்டியாக மாட்டினால் இந்த விலையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் போலோவை 2022-லேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கணும். பழைய 1.2 எஞ்சின், 105 பிஎஸ் வண்டி என்றால் கியர்பாக்ஸ் டிரை கிளட்ச் டிஎஸ்ஜி, மேலே சொன்ன டிசிடிக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய் நில்லுங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடுபண்ணி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். மேட்டில் ரிவர்ஸ் எடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால், கியர்பாக்ஸின் மெகட்ரானிக் யூனிட் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். 2020-க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர், தினசரி ஓட்ட அதுவே மேல். முன்னால் லொடலொடவென்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், லிங்க் ராடு இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லாம் மாற்றக்கூடியதே.

கரூர் ஜமுக்காளம்: பாண்டிச்சேரியில் ரிஜிஸ்டர் பண்ணா வரி மிச்சமாமே?

முதலிலேயே சொன்னேன், என் டிபார்ட்மென்ட் இல்லை. நம்ம ஊரில் புது காருக்கு சாலை வரி காரின் விலையைப் பொறுத்து மாறும். தமிழ்நாட்டில் ஓட்டுகிற வண்டி என்றால் அதைக் கணக்கில் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

அண்ணாநகர் டாக்டர்: பட்ஜெட் பெரிசு. கோல்ஃப் ஜிடிஐ அல்லது பிஎம்டபிள்யூ எம்340ஐ. தினமும் கிளினிக்குக்கு ஓட்டலாமா?

ஓட்டலாம் டாக்டர், இரண்டுமே அருமையான வண்டி. கோல்ஃப் ஜிடிஐ 265 பிஎஸ், முழுசாக இறக்குமதி. எம்340ஐ 3 லிட்டர் ஆறு சிலிண்டர், மஹிந்திரா சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையிலேயே பூட்டுகிறார்கள். என் கவலை வழக்கமானதுதான். கோல்ஃபின் டயர் 225/40 ஆர்18, பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ரிம் வளையும், டயர் பக்கத்தில் கொப்பளம் வரும். பிஎம்டபிள்யூவில் ரன்-ஃப்ளாட் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயர்) போட்டிருந்தால் அதன் பக்கச் சுவர் இயல்பிலேயே விறைப்பு, சின்ன ஒட்டுப்போட்ட ரோடுகூட முதுகுக்கு வந்து சேரும். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு செக்கில் கையெழுத்துப் போடுங்கள்.

தூத்துக்குடி உப்பு: ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டா பவர் கூடுமா?

நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து எஞ்சின் தட்டுகிற சத்தம் வருகிற டர்போவில் கொஞ்சம் மென்மை தெரியலாம். சாதாரண பெட்ரோலுக்கு ட்யூன் பண்ணின எஞ்சினில் காசுதான் கரையும்.

வேலூர் ஸ்டூடண்ட்: வண்டி இடது பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் பண்ணியும் போகலை.

இன்றைய தலைப்பு இதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காற்று சரிபார்த்துவிட்டு முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு வலது பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள்.

தஞ்சாவூர் தலையாட்டி: டெஸ்ட் டிரைவில் என்னென்ன பார்க்கணும்?

கடைசியாக ஒரு உருப்படியான கேள்வி. முதலில் டயர் காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதானா என்று கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று அதிகமாக இருந்தால் நல்ல வண்டியும் குதிக்கும், குறைவாக இருந்தால் மட்டமான வண்டியும் மெத்தென்று போகும். அப்புறம் ஷோரூம்காரர் காட்டும் பைபாஸை விட்டுவிட்டு உங்கள் தெருவுக்கு ஓட்டிப் போங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 25 கிலோமீட்டர் வேகத்தில் நோகாமல் தாண்டலாம். உங்கள் தெருவில் இருப்பது கவுன்சிலர் சொல்லி ஒரே ராத்திரியில் கொட்டின மேடு. அதில் நாலு பேரோடு, டிக்கியில் சாமானோடு ஏறி இறங்கி அடி தட்டுகிறதா பாருங்கள். ஒட்டுப்போட்ட ரோட்டில் 40-ல் போகும்போது வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். ஒரு பள்ளத்துக்கு ஒரே அதிர்வோடு அடங்கினால் டேம்பர் சரி. இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினாலும், சுள்ளென்று முதுகில் ஏறினாலும் வேண்டாம்.

சேலம் 18: அண்ணா, சரி, 17 மட்டும்...

தம்பி, 16 இன்ச்சிலேயே நல்ல கம்பெனி டயராக வாங்குங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்கு அப்புறம் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம் செய்த டயர். கடைக்காரர் தள்ளுபடி என்று நீட்டினால் முதலில் அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள்.